சோதனைச்சாவடியில் சின்னையா

நாய்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இது அரசாங்கத்துக்குத் தெரியாமல் போனதுதான் இந்தப் பயணத்துக்குக் காரணம்.

எண்பதுகளின் பிற்பகுதி. கஞ்சாக் கடத்தலை ஒழித்தே தீருவது என்று மாநில அரசு வரிந்து கட்டிக்கொண்டு இறங்கியிருந்தது. மேற்கு மலை ஓரமாகக் கேரளாவுக்குப் போகும் சாலைகளில் புதிது புதிதாகச் சோதனைச்சாவடிகள் முளைத்தன. போலீஸ், வனத்துறை, மதுவிலக்குத்துறை மூன்றும் கைகோத்து வேலை செய்யும் என்று செய்தி வந்தது. அந்த வாரம் பத்தி எழுத எனக்கு வேறு விஷயம் அகப்படவில்லை. வெளிநாட்டு மோப்ப நாய்கள் எதற்கு, நம் ராஜபாளையம் நாய் இருக்கும்போது என்று ஒரு வாரப் பத்திரிகையில் பொங்கிவிட்டேன். ஏழு மடிப்புத் துணிக்குள் கட்டி வைத்தாலும் கஞ்சாவைக் கண்டுபிடித்துவிடும் என்று எழுதினேன். ஏழு என்பது ஓசைக்காகப் போட்டது. நான் அதுவரை பழகிய ஒரே நாய் திருவல்லிக்கேணியில் எங்கள் தெரு முனையில் இருப்பது. அது துரத்தும், நான் ஓடுவேன். எங்கள் பழக்கம் அவ்வளவுதான்.

பக்கத்தின் தலையிலேயே 'நகைச்சுவை' என்று போட்டிருந்தார்கள். கோட்டையில் ஓர் உயரதிகாரி அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் படித்திருக்கிறார். ராஜபாளையத்தில் சோதனை முறையில் ஒரு நாயைப் பணியில் அமர்த்தப்போவதாகவும், வல்லுநர் என்ற முறையில் நான் நேரில் வந்து ஆலோசனை வழங்க வேண்டும் என்றும் கடிதம் வந்தது. என் மனைவி அதை நிதானமாகப் படித்துவிட்டு, "இது பக்கத்து வீட்டுக்கு வந்த தபாலோ?" என்றாள். அந்த ஒரு கேள்விக்காகவே புறப்பட்டுவிட்டேன்.

ராஜபாளையத்தில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது மலை. மதராஸில் ஒரு தெருவின் கோடியில் பார்த்தால் இன்னொரு தெரு தெரியும். இங்கே எந்தத் தெருவின் கோடியில் பார்த்தாலும் மலை நிற்கிறது, நம்மை என்ன விஷயம் என்று கேட்பதுபோல. காற்றில் பஞ்சு மிதக்கிறது. காலையில் சவரம் செய்துகொண்டு வெளியே போனால் மத்தியானத்துக்குள் எனக்கு மறுபடி நரைத்த மீசை வந்துவிட்டது.

என்னை அழைத்துப்போக இன்ஸ்பெக்டர் செல்லத்துரை வந்திருந்தார். சோதனைச்சாவடி அவர் பொறுப்பில் இருந்தது. அகலமான மனிதர், கவலை நிறைந்த முகம். ஜீப் ஒன்று கொண்டுவந்திருந்தார். அரசாங்க ஜீப்பாகத் தெரியவில்லையே என்றேன்.

"கஞ்சாக்காரங்ககிட்ட பறிமுதல் செஞ்சது சார். நம்ம வண்டி ரிப்பேருக்குப் போயிருக்கு."

அந்த ஜீப்பை ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நாங்கள் வரும்போது சிலர் சந்துக்குள் மறைந்தார்கள். டீக்கடை ஓரம் நிறுத்தியபோது ஒருவன் என் பக்கம் குனிந்து, "அண்ணாச்சி, சரக்கு எப்ப வரும்?" என்று ரகசியமாகக் கேட்டான். மறுபக்கத்திலிருந்து காக்கிச்சட்டை இறங்கியதைப் பார்த்ததும் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினான். ஜீப்பிடம் இன்னொரு குணமும் இருந்தது. ஒருமுறை நிறுத்திவிட்டால் தள்ளினால்தான் கிளம்பும். வல்லுநர்களும் தள்ளலாம்.

மத்தியானம் ஒரு கடையில் எண்ணெயில் பொரித்த புரோட்டாவும் சால்னாவும் வாங்கித் தந்தார். மதராஸில் புரோட்டா என்ற பெயரில் நான் இத்தனை காலம் எதைத் தின்றுகொண்டிருந்தேன் என்ற துக்கம் வந்தது. மூன்றாவதைப் பிய்த்துப் போடும்போது இன்ஸ்பெக்டர் தன் கவலையைச் சொன்னார்.

அவருடைய சாவடியில் ஒவ்வொரு லாரியையும் நிறுத்தி, தார்ப்பாயை அவிழ்த்து, சரக்கைப் புரட்டிப் பார்க்கிறார்கள். ஒன்றும் இல்லையென்றால் பின்கதவில் சாக்பீஸால் ஒரு வட்டம். வட்டம் போட்ட வண்டியை எல்லை வரை யாரும் மறுபடி தொடமாட்டார்கள். அது மூன்று துறைகளும் பேசி வைத்த ஒழுங்கு. ஆனால் போன மாதம் வெளி மாவட்டத்திலிருந்து வந்த ஒரு பறக்கும் படைக்கு இந்த ஒழுங்கு தெரியவில்லை. வட்டம் போட்ட ஒரு வேனைத் தென்காசி சாலையில் நிறுத்திப் பார்த்தார்கள். பேண்டேஜ் துணிக் கட்டுகளுக்கு நடுவே கஞ்சாப் பொட்டலம்.

"டிரைவர் பேரு முருகேசன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஜெயில்ல இருக்கான். நான் தேடுனப்ப இல்ல சார். சத்தியமா இல்ல. அப்ப வழியில அவன்தான் ஏத்தியிருக்கணும்."

"ஏற்றியிருப்பானா?"

"அவன் அப்படிப்பட்டவன் இல்லன்னு ஊரே சொல்லுது." அவர் புரோட்டாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவன் ஏத்தலன்னா நான் கோட்டை விட்டேன்னு ஆகும். சஸ்பெண்டு."

ஆக, ஒன்று முருகேசன் திருடன். இல்லையென்றால் செல்லத்துரை குருடன். மூன்றாவதாக ஒரு வழியை அரசாங்கம் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. நான் நாலாவது புரோட்டாவை யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் நாயைப் பார்க்கப் போனோம். அய்யனார் கோவிலுக்குப் போகிற வழியில் ஒரு மாந்தோப்பு. அதன் சொந்தக்காரர் ரங்கம்மா, என் வயதுதான் இருக்கும். கணக்குப்பிள்ளை, காவலாள் யாரும் இல்லாமல் தனியாகத் தோப்பை நடத்துகிறவர். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், வியாபாரிகளிடம் இரண்டும் இல்லாத ஒரு கண்டிப்பு. அவருக்குப் பக்கத்தில் பால்வெள்ளையாக, மூக்கு மட்டும் இளஞ்சிவப்பாக, பந்தியில் மூத்த சம்பந்தி உட்காருவதுபோல ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. பெயர் சின்னையா. என்னைப் பார்த்தது, பொருட்படுத்தவில்லை.

"பழம் சாப்பிடுங்க சார், கீழ கெடக்குல்ல" என்றார் ரங்கம்மா. எடுத்துத் தின்றேன். சாறு முழங்கை வரை வழிந்தது. சின்னையா கொட்டாவி விட்டது. பயணத்தில் சௌகரியமாக இருக்கட்டுமென்று அன்று வேட்டி கட்டியிருந்தேன். தின்று முடித்ததும் ஒரு சிட்டிகை பொடி போடலாமென்று மடியில் கை வைத்தேன். அடுத்த கணம் என் மணிக்கட்டு சின்னையாவின் வாய்க்குள் இருந்தது. குரைப்பு இல்லை, உறுமல் இல்லை. ஈரமாக, வெதுவெதுப்பாக, கைவிலங்கு மாட்டியதுபோல் இருந்தது.

"அசையாதீக. கடிக்காது" என்றார் ரங்கம்மா. "இழுத்தாத்தான் கடிக்கும்."

நான் இழுக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு அசையாமல் நின்றது கல்யாணப் போட்டோவுக்குக்கூட இல்லை.

"வதுலு" என்றார். தெலுங்கில் விடு என்று அர்த்தம். கை திரும்பி வந்தது, விரல்கள் எல்லாம் இருந்தன.

பிறகு விளக்கினார். இந்தத் தோப்பில் யாரும் வரலாம். விழுந்து கிடக்கிற பழத்தை வயிறு முட்டத் தின்னலாம். அவருடைய மாமனார் காலத்திலிருந்து அப்படித்தான். ஆனால் ஒரு பழத்தைக்கூட மடியில் கட்டிக்கொண்டு போகக்கூடாது. "தின்னா பசி. மடியில வச்சா களவு. அம்புட்டுதான் எங்க சட்டம்." குட்டியிலிருந்தே நாயை அப்படிப் பழக்குகிறார்கள். யார் வருகிறார்கள், எங்கே போகிறார்கள் என்றெல்லாம் அது பார்க்காது. கை இடுப்புக்குப் போகிறதா என்பதை மட்டும் பார்க்கும். தோப்பின் அந்தக் கோடியில் இருந்தாலும் பார்த்துவிடும்.

"எனக்கு ஒண்ணும் செய்யலையே?" என்றார் இன்ஸ்பெக்டர், கால்சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு. உண்மைதான். பையில் கை விடுகிறவர்களைச் சின்னையா திருடர்களாகக் கருதவில்லை. தோப்பை விட்டு வெளியே வராததால் உலக அனுபவம் போதவில்லை.

மறுநாள் காலை சோதனைச்சாவடியில் பரீட்சை. சாவடி ஊருக்குத் தெற்கே இருந்தது. கேரள எல்லை அங்கிருந்து வெகு தூரம். இருந்தாலும் அரசாங்கம் எல்லையை அங்கேயே தொடங்கியிருந்தது. வரிசையாகச் சாக்குகளை அடுக்கி ஒன்றில் மட்டும் கஞ்சாவை வைத்திருந்தார்கள். ரங்கம்மா நாயுடன் ஆட்டோவில் வந்து இறங்கினார். போலீஸ்காரர் ஒருவர் நாயை அழைக்க வேண்டியிருந்தது. "சின்னையா, வாங்க" என்றார். பெயர் அப்படி, மரியாதை தானாக வந்துவிட்டது.

சின்னையா சாக்குகளைக் கடந்து போனது. திரும்பி வந்தது. கஞ்சா இருந்த சாக்கின் மேல் வெயில் படாததால் அதன்மேல் ஏறிப் படுத்தது. ஒரு கணம் எல்லாரும் கைதட்டத் தயாரானோம். அப்புறம் சாக்கை நிழலிலிருந்து நகர்த்தினார்கள். சின்னையா எழுந்து, நிழலில் இருந்த வேறு சாக்குக்கு மாறிக்கொண்டது.

"சார், ஏழு மடிப்புன்னு எழுதியிருந்தீகளே" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "இது ஒரு மடிப்பு."

ரங்கம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "மோப்பமா? இதுகிட்டயா? கண்ணு நாயி ஐயா இது! ஓடுறதப் பாக்கும், கையப் பாக்கும். மூக்கெல்லாம் மூச்சு விடுறதுக்குத்தான். இது மோப்பம் பிடிக்கும்னு எந்தக் கிறுக்கன் சொன்னான்?"

சாவடியில் இருந்த அத்தனை பேரும் மிகுந்த நாகரிகத்துடன் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அங்கே என்மேல் இரக்கம் காட்டியவர் ஒரே ஒருவர். அவரை எல்லாரும் ஒத்தாசை என்று அழைத்தார்கள். உண்மைப் பெயர் யாருக்கும் நினைவில்லை. சோதனைக்காக அவிழ்த்த தார்ப்பாயை மறுபடி இழுத்துக் கட்டுவது பெரும்பாடு. டிரைவரும் கிளீனரும் பசியோடு பக்கத்துக் கடைக்குப் போய்விட, ஒத்தாசை லாரிமேல் ஏறிக் கயிற்றை முடிந்து கொடுப்பார். கொடுத்ததை வாங்கிக்கொள்வார். மெலிந்த கை, மெலிந்த கால், நடுவில் மட்டும் கொஞ்சம் தொந்தி. எனக்கு டீ கொண்டுவந்து தந்தார்.

"விடுங்க சார். பெரிய மனுசங்க எழுதும்போது கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும்" என்றார். எத்தனை நல்ல மனிதர் என்று நினைத்தேன். பத்திரிகை ஆசிரியர்கள்கூட என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

கோட்டையிலிருந்து மறு உத்தரவு வரும்வரை நாயைப் பணியில் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். வைத்தார்கள். அன்று முழுக்க அந்தச் சாலையில் போன லாரிக்காரர்கள் பட்ட பாடு! லுங்கி கட்டியவன் எல்லாம் பீடியை மடியில்தான் வைத்திருப்பான். லைசென்சைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அங்கேதான் செருகியிருப்பான். போலீஸ்காரர் லைசென்ஸ் எங்கே என்பார். கை இடுப்புக்குப் போகும். சின்னையா கையை வாங்கிக்கொள்ளும். ரங்கம்மா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தபடி, "வதுலு, வதுலு" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். மாலைக்குள் செய்தி பரவிவிட்டது. சாவடிக்கு வரும்போதே டிரைவர்கள் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், யுத்தத்தில் சரணடைந்தவர்கள்போல. ஒத்தாசைகூட அன்று தலைவலி என்று சீக்கிரம் போய்விட்டார்.

அந்தக் களேபரத்தின் நடுவில்தான் ராவுத்தர் வந்தார். பேண்டேஜ் துணி வியாபாரி. முருகேசன் ஓட்டிய வேன் இவருடையது. நரைத்த தாடி, வெள்ளைச் சட்டையின் பொத்தான்கள் கழுத்து வரை பூட்டியிருந்தன. நேரே என்னிடம் வந்தார்.

"மெட்ராஸ்ல இருந்து வந்திருக்கிற ஆபீசர் நீங்கதானா? நாளைக்கு என்கூட ஒரு எட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரணும். வண்டி போனா வேற வண்டி வாங்கிக்கிடுவேன். அந்தப் பய போனா எங்க வாங்குறது? அவன் பெஞ்சாதி தெனம் என் கடை வாசல்ல வந்து நிக்கா. ஏட்டி, வீட்டுக்குப் போன்னா போகமாட்டேங்கா."

நான் ஆபீசர் இல்லை, நகைச்சுவை எழுதுகிறவன் என்று சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தபோது சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் பஸ்ஸில் போனோம். அந்த பஸ்ஸில் மனிதர்கள் போகவில்லை; தேங்காய்களும் நூல் கட்டுகளும் போயின; இடுக்குகளில் நாங்கள் இருந்தோம். என் மடியில் யாருடையதோ ஒரு பித்தளைக் குடம். நல்லவேளை, சின்னையா இல்லை. பாதி வழியில் டயர் வெடித்தது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் செத்த நேரம் வெளிய நில்லுங்க, டயரு கோவிச்சுக்கிருச்சு" என்றார். வெயிலில் நின்றோம். முருகேசனின் மனைவி பாக்கியமும் எங்களோடு வந்திருந்தாள். ஒரு தூக்குவாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"சார், நீங்க இதுக்காகவே மெட்ராஸ்ல இருந்து வந்தீகளா?"

"ஆமாம்" என்றேன். நான் சொன்ன பொய்களில் அவ்வளவு வேகமாக வந்தது வேறில்லை. "கவலைப்படாதேம்மா" என்றும் சேர்த்துக்கொண்டேன். அவள் தலையை ஆட்டினாள். ராவுத்தர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, சாலையைப் பார்க்கத் தொடங்கினார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கே நின்றாலும் கோபுரம் எட்டிப் பார்க்கிறது, கிளைச்சிறை வாசலிலும்கூட. முருகேசன் கம்பிக்குப் பின்னால் வந்து நின்றான். இளைஞன், கண்ணில் தூக்கம் இல்லை. நான் வல்லுநர் தோரணையில் கேள்விகள் கேட்டேன். அன்று என்ன சாப்பிட்டாய், வண்டி எத்தனை கியர், நாய் வளர்த்ததுண்டா என்று, எனக்கே எதற்கென்று தெரியாத கேள்விகள். அவன் பொறுமையாகப் பதில் சொன்னான்.

"தார்ப்பாய அவுத்தாக. கட்டெல்லாம் பொரட்டிப் பாத்தாக. ஒண்ணுமில்லன்னு வட்டம் போட்டாக. நான் கடையில ரெண்டு இட்லி தின்னுட்டு வந்து வண்டிய எடுத்தேன். நடுவுல எங்கயும் நிறுத்தல சார். நிறுத்தியிருந்தா நிறுத்தினேன்னு சொல்லிருப்பேன்."

இதிலேயே எல்லாம் இருந்தது. இப்போது எழுதும்போது எனக்கே பளிச்சென்று தெரிகிறது. அன்று நான் எல்லாம் புரிந்தவன்போல் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். வழியில் ஒரு கடையில் பால்கோவா கொதித்துக்கொண்டிருந்தது. இரும்புச் சட்டியில் பாலைச் சுண்ட வைத்து, துடுப்பால் சுரண்டிச் சுரண்டிப் புரட்டினார்கள். இலையில் சூடாக வாங்கித் தின்றேன். துக்கமான விஷயமாக வந்தவன் இவ்வளவு ருசித்துத் தின்னலாமா என்று தோன்றியது. அந்த யோசனையுடனே இன்னொரு இலை வாங்கினேன். பாக்கியத்துக்கும் ஒன்று நீட்டினேன். அவள் வாங்கி, தின்னாமல், மறுபடி சிறை வாசலுக்குப் போய் உள்ளே கொடுத்தனுப்பிவிட்டு வந்தாள். என் இரண்டாவது இலை அதற்குப் பிறகு அவ்வளவு இனிக்கவில்லை.

அடுத்த நாள் காலை கோட்டையிலிருந்து உத்தரவு வந்தது. நாய் பொதுமக்களுக்கு இடையூறாக இருப்பதால் உடனே திருப்பி அனுப்பவும். வல்லுநரையும்.

ரங்கம்மாவுக்கு ஏக மகிழ்ச்சி. "தோப்புல மூணு நாளா யாரு எம்புட்டு மடியில கட்டிட்டுப் போனானோ" என்றபடி ஜீப்பின் முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். சின்னையா பின் இருக்கையில் ஏறி, கம்பியில் முன்னங்கால்களை வைத்து நிமிர்ந்து நின்றது, ஊர்வலம் கிளம்பும் தலைவர்போல. ஜீப் வழக்கப்படி கிளம்பவில்லை. ஒரு போலீஸ்காரர் ஸ்டியரிங்கைப் பிடிக்க, இன்ஸ்பெக்டர், மற்றப் போலீஸ்காரர்கள், கூட வழியனுப்ப வந்த ராவுத்தர், நான், எல்லாரும் பின்னால் போய்த் தள்ளினோம். தமிழக அரசின் எல்லைப் பாதுகாப்பு முழுவதும் அந்த ஜீப்பின் பின்புறத்தில் குனிந்திருந்தது.

கொஞ்ச தூரத்தில் ஒரு பஞ்சு லாரி. சோதனை முடிந்து பின்கதவில் வட்டமும் போட்டாகிவிட்டது. டிரைவர் டீக்கடையில். மேலே ஒத்தாசை தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

என் கன்னத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஏதோ பறந்தது. நிமிர்ந்தபோது சின்னையா ஜீப்பில் இல்லை. சாலையில் ஓடியது என்று சொல்லமாட்டேன். சாலை அதற்குக் கீழே பின்னால் ஓடியது. லாரியின் பானெட், அப்புறம் கேபின் கூரை, அப்புறம் பஞ்சு மூட்டை. மூன்றே தாவல். "ஐயோ" என்று ஒரு சத்தம். ஒத்தாசையின் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சின்னையா லாரி உச்சியில் மலைக்கு எதிரே நின்றது.

"பீடி எடுத்தேன் சார்! பீடிதான்!" என்று ஒத்தாசை கத்தினார். "அம்மா, வதுலுன்னு சொல்லுங்கம்மா!"

ரங்கம்மா வாயைத் திறந்தார்.

"சொல்லாதீக!" என்று ராவுத்தர் அலறினார். அந்த வயதில் அவ்வளவு பெரிய குரலை நான் எதிர்பார்க்கவில்லை. "பீடின்னா கைய விரிக்கச் சொல்லுங்க! ஏலே, விரிலே கைய!"

கை விரியவில்லை. இன்ஸ்பெக்டர் செல்லத்துரை, அத்தனை அகலமான மனிதர், லாரிமேல் ஏறினார். ஏறியதும் விரல்களைப் பிரித்தார். கையில் இருந்தது பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தட்டையாக அழுத்திய கஞ்சாப் பொட்டலம். பாதி தார்ப்பாய்க்கு அடியில் போயிருந்தது. மடிக்குள் இன்னும் பல. எல்லாவற்றையும் எடுத்து அடுக்கியபோது ஒத்தாசைக்குத் தொந்தி இல்லை.

இன்ஸ்பெக்டர் லாரி உச்சியிலேயே உட்கார்ந்துவிட்டார். பின்கதவில் இருந்த வட்டத்தை எட்டிப் பார்த்தார்.

"தேடி முடிச்ச பொறவு வச்சிருக்கான்" என்றார். "நான் தேடுனது எல்லாம் உண்மை. வட்டமும் உண்மை. நம்ம வட்டத்த நம்பித்தான் வச்சிருக்கான். வழியில யாரும் தொடமாட்டாங்கன்னு தைரியம்."

அன்று பகல் ஸ்டேஷனில் ஒத்தாசை எல்லாவற்றையும் ஒத்தாசையாகவே சொல்லிவிட்டார். எல்லைக்குப் பக்கத்தில் இன்னொரு டீக்கடை. கயிறு தளர்ந்திருக்கிறதே என்று சொல்லி, கட்டிக் கொடுப்பதுபோல் இன்னொருவன் எடுத்துக்கொள்வான். சாவடி வருவதற்கு முன்னால் இந்த வசதி இருந்ததில்லை. அப்போதெல்லாம் தார்ப்பாயை யாரும் அவிழ்ப்பதில்லை. முருகேசன் வேனில் வைத்ததும் இவர்தான். நாய் இருந்தவரை தலைவலி என்று ஒதுங்கியிருந்தார். நாய் ஜீப்பில் ஏறியதும் தலைவலி தீர்ந்திருக்கிறது.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அதைத் திருவிழா என்றுதான் சொல்ல வேண்டும். முந்தாநாள் கையைக் கொடுத்துவிட்டு நின்ற லாரிக்காரர்களே மாலை வாங்கி வந்தார்கள். தெற்கே போன லாரிகள் எல்லாம் சாவடியைத் தாண்டும்போது நீளமாக ஹாரன் அடித்தன. பட்டாசு வெடித்தார்கள், சின்னையாவுக்குப் பிடிக்கவில்லை, கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. ராவுத்தர் தன் கடைச் சிப்பந்திகள் எல்லாருக்கும் பிரியாணி போட்டார். எனக்கும் ஒரு மாலை விழுந்தது. நான் மறுக்கவில்லை. கோட்டையிலிருந்து பாராட்டுத் தந்தி வந்தபோது அதில் நாயின் பெயர் தப்பாக இருந்தது, என் பெயர் சரியாக இருந்தது. இந்த மாதிரி நியாயம் எழுத்தாளன் வாழ்க்கையில் அடிக்கடி கிடைக்காது.

எல்லைக்குப் பக்கத்து டீக்கடைக்காரனையும், மலையடிவாரத்திலிருந்து சரக்கை அனுப்பியவர்களையும் அந்த வாரமே பிடித்தார்கள். இனி தார்ப்பாயை வண்டிக்காரரே, போலீஸ் கண்ணெதிரே கட்ட வேண்டும். கட்டிய பிறகுதான் வட்டம் என்று எல்லாச் சாவடிகளுக்கும் உத்தரவு போனது. நான் அறிய, கையைப் பார் என்ற ஒரு மாந்தோப்பின் சட்டம் அரசாங்க உத்தரவானது அந்த ஒருமுறைதான். செல்லத்துரைக்குப் பதவி உயர்வு. சின்னையாவைக் காவல்துறையிலேயே வைத்துக்கொள்ளக் கேட்டார்கள். ரங்கம்மா மறுத்துவிட்டார். கால்சட்டை போட்டவர்களோடு பழகிக் கெட்டுப்போகும் என்றார்.

முருகேசன் வெளியே வந்த நாளில் நான் மதராஸில் இருந்தேன். ராவுத்தர்தான் போனில் சொன்னார். பின்னணியில் பாக்கியம் சத்தம் போட்டுச் சிரிப்பது கேட்டது. தூக்குவாளியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டிலும், தெருவிலும், பத்திரிகை அலுவலகத்திலும் இந்தக் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அதில் நாயின் பங்கு குறைந்து என் பங்கு கூடிக்கொண்டே வந்ததாக மனைவி பிற்பாடு குறிப்பிட்டாள்.

சில மாதம் கழித்து ராவுத்தருடைய பேண்டேஜ் துணியை ஏற்றிக்கொண்டு முருகேசன் மதராஸ் வந்தான். விலாசம் விசாரித்து வீட்டுக்கே வந்துவிட்டான், ஒரு கூடை மாம்பழத்தோடு. நான் மனைவியைக் கூப்பிட்டேன். எதிர்வீட்டுக்காரரையும் கூப்பிட்டேன். மாடியில் குடியிருந்த, என்னை ஒருபோதும் மதிக்காத, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரையும் கூப்பிட்டேன். எல்லாரும் உட்கார்ந்ததும், "சொல்லப்பா, அன்றைக்கு நான் ஜெயிலுக்கு வந்தேனே, அப்போது உனக்கு எப்படி இருந்தது?" என்றேன்.

முருகேசன் கூச்சத்தோடு காப்பித் தம்ளரைக் கீழே வைத்தான்.

"உண்மையச் சொன்னா கோவிச்சுக்கிடக் கூடாது சார். அதுவரைக்கும் தெம்பாத்தான் இருந்தேன். மெட்ராஸ்ல இருந்து வந்த ஆளு நீங்கதான்னு பாத்ததும், நம்ம கேசு அம்புட்டுதான்னு தெரிஞ்சுபோச்சு. அன்னைக்கே பாக்கியத்துகிட்ட மாட்ட வித்துட்டு மதுரையில வக்கீல் பாக்கச் சொல்லிட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "நல்ல மாடு சார் அது."